எஞ்சியவர் அலுவலகம்

கணவர் இறந்ததைக்கூட லாண்டரிக்காரம்மா எப்படியோ தாங்கிக்கொண்டாள். அவளைப் பாதுகாக்க ஆட்கள் வந்து கதவைத் தட்டியபோதுதான் ஆடிப்போனாள்.

கடைவீதியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. துணியில் கறை எடுப்பது கணவர் வேலை, இஸ்திரி அவள் வேலை. ஒருநாள் ஒரு வெள்ளைச் சட்டைக் காலரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் தலையைச் சாய்த்தார். சட்டைக்காரர் வந்து துணி கேட்டபோதுதான் அவர் போய்விட்டது தெரிந்தது.

உயில் இருந்தது. கடையும் வீடும் மனைவிக்கு என்று எழுதியிருந்தார். அதை எதிர்த்து மூத்த தாரத்து மகன் வழக்குப் போட்டான். அவனுடைய வக்கீலை ஊரில் வாய்தா வக்கீல் என்பார்கள். எந்த வழக்கானாலும் அடுத்த தேதி வாங்காமல் கோர்ட்டைவிட்டு இறங்கியதில்லை. கையெழுத்து மிகவும் தெளிவாக இருக்கிறது, சாகப்போகிற மனிதர் இவ்வளவு நிதானமாகக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது என்பது அவருடைய வாதம்.

உயிலில் தகராறு வந்தால், தீர்ப்பாகும்வரை கணவனை இழந்தவளோ மனைவியை இழந்தவனோ பட்டினி கிடக்கக் கூடாது, தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். அதை நிறைவேற்ற ஒரு அலுவலகமும் இருக்கிறது. உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணைவர் பாதுகாப்பு அலுவலகம் என்று முழுப் பெயரையும் எழுதப் பலகையில் இடம் போதவில்லை. அதனால் எஞ்சியவர் பாதுகாப்பு அலுவலகம் என்று எழுதிவிட்டார்கள். முதல்முறை அந்தப் பெயரைக் கேட்டபோது, பாத்திரத்தின் அடியில் மீந்துபோன எதையோ பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

வந்தவர்களில் தலைமையானவர் பாதுகாப்பு அதிகாரி. மெல்லிய குரல், சுருக்கமில்லாத சட்டை. பின்னால் சீல் வைக்கும் ஆட்கள் அரக்கும் மெழுகுவர்த்தியும் நாடாவுமாக நின்றார்கள்.

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கத்தான் வந்திருக்கோம்" என்றார் அதிகாரி.

அவள் வீட்டில் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டதும் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

முதலில் கடைக்கு சீல் வைத்தார்கள். உள்ளே ஊர்க்காரர்களின் துணிகள் தொங்குகின்றனவே என்றாள்.

"துணி யாரோடதுன்னு கோர்ட் சொல்லணும்மா. கடைக்குள்ள இருந்தா கடைச் சொத்து. சொத்து இருந்தா தகராறு. தகராறு இருந்தா பாதுகாப்பு."

பிறகு சமையலறைக்கு வந்தார்கள். பாத்திரங்கள் கணவர் வாங்கியவை என்பதால் அலமாரிக்கு நாடா கட்டினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள்.

"உள்ள பால் இருக்குங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா."

"கெட்டுப்போயிடுங்களே."

"கெட்டுப்போகலாம்மா. காணாமப் போகக் கூடாது. அதுதான் எங்க கொள்கை."

கட்டிலருகே வந்ததும் அதிகாரி சற்று யோசித்தார். சட்டம் மனிதாபிமானமுள்ளது, எஞ்சியவரைத் தரையில் படுக்கவைக்காது என்று விளக்கினார். நடுவே ஒரு சிவப்பு நாடாவை இழுத்துக் கட்டச் சொன்னார். சுவரோரப் பாதி அவளுடைய உபயோகத்துக்கு. மறு பாதி இறந்தவரின் சொத்து. தூக்கத்தில் புரண்டால் ஆக்கிரமிப்பு.

போகும்போது ஒரு காவலரை வீட்டில் விட்டுப்போனார்கள். பெரிய உடம்பு, சின்ன கண்கள். கூடத்து சோபாவில் உட்கார்ந்தார். சோபாவில் உட்கார அவருக்கு அனுமதி இருந்தது, அவளுக்கு இல்லை. காவலரின் சம்பளம் அவளுக்கு வரப்போகும் உதவித்தொகையில் பிடிக்கப்படும் என்று அதிகாரி வாசலில் நின்று சொன்னார். அவள் தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டிவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் போவார்கள் என்று தோன்றியது.

அன்றிலிருந்து தன் வீட்டில் திருடிபோல நடக்க ஆரம்பித்தாள். குடிக்கத் தண்ணீர் எடுக்கும்போது டம்ளர் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள். ஜன்னலைத் திறக்கப் போய், கொக்கி யார் சொத்து என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டாள். தும்மல் வந்தால் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். கட்டிலில் சுவரோடு ஒட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு படுத்தாள். பல ஆண்டுகள் கூடப் படுத்த மனிதரின் பக்கத்தை நினைத்து அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாத கஷ்டமாக இருந்தது.

காவலர் நல்ல மனிதர். அவள் முகம் வெளிறும்போதெல்லாம், "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல" என்பார். அவர் இருப்பதால்தான் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கையிலிருந்த காசு தீர்ந்ததும் உதவித்தொகைக்கு மனு அனுப்பினாள். பல நாள் கழித்து வரச் சொன்னார்கள், போனாள். அலுவலகத்தில் நீளமான வராந்தா. சுவரோரம் பெஞ்சில் எஞ்சியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு கிழவர் மட்டும் அவளைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி அவளை அன்போடு வரவேற்றார்.

"உதவித்தொகை உங்க உரிமைம்மா. தேவைன்னு நிரூபிச்சா போதும். உடனே குடுத்துடுவோம்."

"தேவைதாங்க. வீட்ல ஒண்ணுமே இல்ல."

"சரி. உங்க மனு எங்க மேஜைக்கு வர்றதுக்கே நாளாச்சு. இவ்வளவு நாளும் சாப்பிட்டீங்களா?"

"ஏதோ... பக்கத்து வீட்ல குடுத்தாங்க."

"பாத்தீங்களா? சாப்பிட்டிருக்கீங்க. உயிரோட இருக்கீங்க. நடந்தே வந்திருக்கீங்க. தொகை இல்லாமலே நீங்க வாழ்ந்து காட்டிட்டீங்கம்மா. அப்புறம் தேவைன்னு நான் எப்படி எழுதறது?"

"சாப்பிடாம இருந்திருந்தா?"

அதிகாரி வருத்தத்தோடு சிரித்தார். "அப்படி ஒருத்தர் இருந்தார்மா. தேவையை ரொம்ப சுத்தமா நிரூபிச்சார். ஆனா தொகை வாங்க ஆள் எஞ்சியிருக்கணுமே. அவர் எஞ்சல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டவள், அது யார் சொத்தோ என்று கையை எடுத்துவிட்டாள். அதிகாரி அதைக் கவனித்து மகிழ்ந்தார். இவ்வளவு நன்றாகப் பழகிய எஞ்சியவரை அவர் பார்த்ததில்லை. பாதுகாப்பு வார விழாவுக்கு அவளையே மேடையேற்றுவது என்று முடிவு செய்தார்.

வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. மேடையில் ஓரமாக உட்காரவைத்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்க காவல்ல இருந்த சொத்துல ஒரு துரும்பு வெளிய போனதில்ல! திருடன் தொட முடிஞ்சுதா? இல்ல! பங்காளி தொட முடிஞ்சுதா? இல்ல! ஏன், எஞ்சியவங்களாலகூட இன்னிக்கு வரைக்கும் ஒண்ணையும் தொட முடியல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஒலிபெருக்கியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொல்லுங்கம்மா, எப்படி உணர்றீங்க?"

எதிரே இத்தனை முகங்கள். பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது:

"பயமா இருக்குங்க."

அதிகாரி அசரவில்லை.

"கேட்டீங்களா? பயம் இருக்கற இடத்துலதான் பாதுகாப்புக்கு வேலை! அந்தப் பயத்தை நாங்க கடைசிவரைக்கும் காப்பாத்துவோம்!"

மறுபடி கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் அவளும் இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் கொல்லைப்புறச் சுவரருகே யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தாள். மூத்தாள் மகன். கையில் ஒரு பை, அரிசியும் காய்களும். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சித்தி, உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார். நான் வந்தது தெரிஞ்சா அவ்வளவுதான்."

"எனக்கும் உன்கிட்ட பேசக் கூடாதாம்" என்றாள் அவள். இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"அப்பா எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தாரில்ல? அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க சித்தி. தகராறு சொத்தாம். கேக்கப் போனா, உங்களையும் பாதுகாக்கணுமா தம்பின்னு அந்த அதிகாரி கேக்கறார். ஓடி வந்துட்டேன்."

"கையெழுத்து அவரோடது இல்லன்னு நீ நெஜமாவே நெனக்கிறியாப்பா?"

அவன் சுவரின் காரையைச் சுரண்டினான். "அவரோடதுதான். எனக்குத் தெரியாதா? உயில் முழுக்கப் படிச்சேன் சித்தி. என் பேர் ஒரு எடத்துல இல்ல. சொத்து வேணாம், இப்படி ஒரு மகன் இருக்கான்னு ஒரு வரி எழுதக் கூடாதா? அந்தக் கோவம்."

"எனக்கு மட்டும் என்ன எழுதிட்டார்? கடையோட கதவு நம்பர் எழுதியிருக்கார், இஸ்திரி மெஷின் எந்த வருஷம் வாங்கினதுன்னு எழுதியிருக்கார். என் மனைவின்னு ஒரு தடவை வருது, அதுலயும் எழுத்துப் பிழை. மனுஷன் துணிக்கு ரசீது போடற மாதிரி உயில் எழுதிட்டுப் போயிட்டார்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். உள்ளே சோபா கிறீச்சிட்டது, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நான் வழக்கை வாபஸ் வாங்கிடறேன் சித்தி" என்று கிசுகிசுத்தான். "ஆனா ஜட்ஜ் உக்காந்தாதான முடியும்? போன தடவையும் உக்காரல, அதுக்கு முந்தின தடவையும் உக்காரல. ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. வாய்தா வக்கீல் மட்டும் சந்தோஷமா இருக்கார்."

ஏன் என்பது விரைவிலேயே தெரிந்தது. ஒரு மத்தியானம், காவலர் கண்ணசந்த நேரத்தில், கோர்ட் குமாஸ்தா பின்வாசல் வழியாக வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, வெளிய சொல்லிடாதீங்க. ஜட்ஜ் ஐயாவோட கறுப்பு அங்கி உங்க கடைல மாட்டிக்கிச்சு. சலவைக்குப் போட்டிருந்தார். அதுக்குள்ள சீல் வெச்சுட்டாங்க."

"வேற அங்கி இல்லீங்களா?"

"அங்கி இல்லாம ஐயா ஆசனத்துல உக்காரக் கூடாது, அது விதி. புது அங்கி வாங்கணும்னா ஐயா உத்தரவு போடணும். ஆசனத்துல உக்காராம போட்ட உத்தரவு செல்லாது."

"சீலைப் பிரிக்கச் சொன்னா?"

"அதுக்கும் உத்தரவு வேணும்மா." குமாஸ்தா கைகளைப் பிசைந்தார். "ஊர்ல எல்லா வழக்கும் நின்னுபோச்சு. ஐயா அறைல உக்காந்து ஜன்னலையே பாத்துட்டிருக்கார். நான் எதுவும் செய்யச் சொல்லல. சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா அங்கி மட்டும் வந்துட்டா, மொதல் வழக்கு உங்களோடதுதான்."

அவர் போன பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சீலை உடைத்தால் சிறை. உடைக்காவிட்டால் இந்த வீடே சிறை. இதில் எது பெரிய பயம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாழ்நாளில் அவள் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல்கூட ஏறியதில்லை.

சமையலறையிலிருந்து கடைக்குள் போக ஒரு கதவு உண்டு. அதற்கும் அரக்குச் சீல் இருந்தது. அதன்முன் போய் நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது முறை போனபோது பின்னால் காவலரின் குரல் கேட்டது.

"என்னம்மா பாக்கறீங்க?"

காவலர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா. பாத்ரூம் போறேன். வர ரொம்ப நேரம் ஆகும். தண்ணி சத்தத்துல வெளிய என்ன நடக்குதுன்னே எனக்குக் கேக்காது." இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "நாளன்னிக்கு என் தம்பிக்குக் கல்யாணம்மா. கோட்டு உள்ள மாட்டிக்கிச்சு. நீலக் கலர். வலது பக்கப் பொத்தான் ஒண்ணு கொஞ்சம் தொங்கும்."

குழாய்ச் சத்தம் கேட்டதும் சீலைப் பிய்த்தாள். அரக்கு உடைந்த ஓசை ஊருக்கே கேட்டதுபோல இருந்தது. உள்ளே இருட்டு. கண்ணாடித்தாளுக்குள் கோட்டுகளும் கவுன்களும் வரிசையாகத் தொங்கின. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று அவளையே பார்ப்பதுபோல இருந்தது. "நான் எடுக்க வரலீங்க, குடுக்கத்தான் வந்தேன்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே கைகளால் தடவித் தேடினாள். நீலக் கோட்டு முதலில் கிடைத்தது. அங்கி கடைசி வரிசையில் இருந்தது.

கசங்கியிருந்தது. அப்படியே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். மனம் கேட்கவில்லை. பாதுகாப்பை முன்னிட்டு மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் சோறு கொடுத்தனுப்பிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூடான சட்டியையே அங்கிமேல் தேய்த்து மடிப்பு எடுத்தாள். காவலர் வெளியே வரும்போது நீலக் கோட்டு சோபாவின் மேல் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று இருட்டியதும் குமாஸ்தா பின்வாசலில் வந்து அங்கியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே வழக்கு வந்தது. கோர்ட்டில் அவள் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். நடுவில் வாய்தா வக்கீல் அடுத்த தேதிக்கான தாளோடு தயாராக இருந்தார். நீதிபதி வந்தார். ஒல்லியான, சோர்ந்த மனிதர். ஆனால் அங்கி விறைப்பாக இருந்தது. காலரில் லாண்டரித் துண்டுச்சீட்டு தொங்கியது. அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் உட்கார்ந்ததும் அதிகாரி எழுந்தார். மெல்லிய குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"ஐயா! எங்க அலுவலக வரலாற்றுல நடக்காத அக்கிரமம். கடையோட உள்சீல் உடைக்கப்பட்டிருக்கு!"

யாரும் கேட்பதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். "நான்தாங்க" என்றாள். "நான்தாங்க உடைச்சேன்."

"ஒத்துக்கிட்டாங்க ஐயா!"

"என்ன காணோம்?" என்றார் நீதிபதி.

"ஒரு அங்கி ஐயா. கறுப்பு அங்கி."

"அது இப்ப எங்க இருக்கு?"

அதிகாரி விரலை நீட்டத் தொடங்கினார். விரல் பாதி வழியில் நின்றது. துண்டுச்சீட்டு மின்விசிறிக் காற்றில் ஆடியது.

நீதிபதி நிதானமாகச் சொன்னார்: "அந்த அங்கி திருட்டுச் சொத்துன்னா, நான் அதைப் போட்டுக்கிட்டு இங்க உக்காரக் கூடாது. நான் உக்காரலன்னா உங்க புகாரைக் கேக்க ஆள் இல்ல. நான் உக்காந்திருக்கேன்னா, அது திருட்டு இல்ல. உங்களுக்கு நான் உக்காரணுமா, எந்திரிக்கணுமா?"

அதிகாரி கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாய்தா வக்கீல் எழுந்து, "இது ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் ஐயா, ஒரு தேதி..." என்றார்.

"உக்காருங்க" என்றார் நீதிபதி. அவர்கள் இருவருமே உட்கார்ந்தார்கள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கடைச் சீலைப் பிரித்து அவரவர் துணியை அவரவருக்குக் கொடுக்க வேண்டும், வீட்டிலுள்ள நாடாக்களை அவிழ்க்க வேண்டும், வழக்கு முடியும்வரை இந்த அம்மாவுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தங்கள் வழக்குக்காகக் கோர்ட் வராந்தாவில் நின்ற எஞ்சியவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு உத்தரவை எழுதும் பேனாவின் சத்தத்தை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சத்தம் நிற்பதற்குள் மகன் எழுந்தான். வக்கீல் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். சட்டை பிதுங்கி வெளியே வந்தபடியே அவன் சொன்னான்: "வழக்கை வாபஸ் வாங்கிக்கறேங்க. கையெழுத்து எங்கப்பாவோடதுதான்."

"அப்போ வழக்கு முடிஞ்சுது" என்றார் நீதிபதி.

அதிகாரி மேல்கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "ஐயா, அப்போ உதவித்தொகை அரை நிமிஷத்துக்குத்தான் வருது."

"அதைக் குடுத்துடுங்க."

"காவலர் சம்பளம், அரக்குச் செலவெல்லாம் அதுல கழிக்கணும்ங்க."

நீதிபதி அவரை வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதிகாரி புத்தகத்தை மூடினார்.

வெளியே வராந்தாவில் அவர் அவளருகே வந்தார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. அவர் கெட்டவர் இல்லை. தன் வேலையை நேசித்தவர்.

"தகராறு முடிஞ்சுபோச்சும்மா. இனிமே உங்களைப் பாதுகாக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. நீங்க தனியாத்தான் இருக்கணும்."

அவள் அதைப் புரிந்துகொள்ளப் பயந்தாள். "அப்போ... என் வீட்டுக்குள்ள நான் போகலாமா?"

"போகலாம்."

"சோபால உக்காரலாமா?"

"உங்க இஷ்டம்மா" என்றார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்கம்மா. பாதுகாப்புல இருந்து விடுவிக்கப்பட்டவங்களுக்குன்னு ஒரு பின்பாதுகாப்புத் திட்டம்..."

அவள் மகனைப் பார்த்தாள். மகன் அவளைப் பார்த்தான்.

ஓடினார்கள். படிகளில் அவள் செருப்பு ஒன்று கழன்றது, எடுக்க நிற்கவில்லை. பின்னால் "அம்மா! அம்மா!" என்று அந்த மெல்லிய குரல் அன்போடு துரத்திக்கொண்டு வந்தது. தெருவில் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் அவன் தாவி ஏறி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். எந்த பஸ் என்று இருவருமே பார்க்கவில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போகணும்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இங்கேருந்து" என்றாள்.

கண்டக்டர் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்.